தவறணையில் விழுந்தவள்

என் மகன் எழுதிய கடிதங்களை எல்லாம் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மண்ணெண்ணெய் டின்னுக்கு அடியில் போட்டிருக்கிறேன். சாயங்காலம் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற டின்னைத் தூக்கினால் அது கண்ணில் படும். படட்டும் என்றுதான் அங்கே போட்டேன். ஆறிவிடக் கூடாத கோபம் என்று ஒன்று உண்டு.

பொகவந்தலாவை பஜாரில் இருந்து மூன்று மைல் ஏறினால் என் வீடு. கரண்ட் கிடையாது. தபால்காரர் வரமாட்டார். தண்ணீர் மேலே காட்டில் இருந்து மூங்கில் பீலி வழியாக வந்து வாசலில் விழும். காட்டுப்பன்றி பீலியைத் தட்டிவிட்ட அன்றைக்கு அதுவும் வராது. கிட்ட இருக்கிற லயத்துக்கு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற காம்பராக்களுக்கு, இறங்கிப் போக அரை மணி நேரம். என் வீடு இருக்கிற இடம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு அந்த டிவிசனை யாரும் பார்க்கவில்லை. தேயிலை மரமாக வளர்ந்தது, லயத்துக் கூரைத் தகரத்தை ஆட்கள் கழற்றிக்கொண்டு போனார்கள், கடைசியில் மிஞ்சியது காவல்காரன் வீடு ஒன்றுதான். அந்த வீட்டை ஒட்டி, தேயிலைக் கன்று வளர்த்த நாற்றுமேடை. படிக்கட்டு மாதிரி ஒன்பது பாத்தி, ஒவ்வொன்றுக்கும் கல் அணை. தோட்டத்தில் அதற்குப் பெயர் தவறணை. நான் பிறந்ததில் இருந்து அதற்கு அதுதான் பெயர்.

எண்பத்து மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் எனக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் படிப்பித்தவள். ஓய்வு என்றால் வேலை போவது மட்டும் இல்லை, குவாட்டர்சும் போகும். லயத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, டீச்சராகி லயத்தை விட்டு வெளியே வந்தவளுக்கு, திரும்பிப் போக லயத்துக் காம்பராவும் இல்லை. வீட்டுக்காரர் எப்போதோ இறந்துபோனார். மகன் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தான், ஒற்றை அறையில் இருந்தான். அங்கே வா என்றான். மற்றவர் வீட்டுக் குழாயில் எந்த நேரத்துக்குத் தண்ணீர் பிடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வாழ எனக்கு முடியாது. தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் அந்தக் காவல்காரன் வீட்டைக் கேட்டேன். அவர் துரையிடம் கேட்டுவிட்டு வந்து, "இடிஞ்சு விழுகிற வீடு டீச்சர். நீங்க இருந்தா அது நிக்கும்" என்றார்.

மகனுக்குப் பிடிக்கவில்லை. சாமான் ஏற்ற வந்தவன் அந்த ஏற்றத்தில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்.

"ஒரு தடவ போதும். ஒரே ஒரு தடவ நீங்க விழுந்தா, நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அதுக்கப்புறம் ஒரு பேச்சும் கேக்க மாட்டேன். சரியா?"

"சரி" என்றேன். அந்த வீட்டில் நான் இருப்பதற்கு இருந்த ஒரே நிபந்தனை அது.

அந்த வாழ்க்கையை யாருக்கும் அழகாக எழுதிக் காட்ட எனக்கு இஷ்டம் இல்லை. அட்டைக் கடியும், புகையும், ஈர விறகும். ஆனாலும் தவறணை மண் நல்ல மண். தேயிலைக் கன்றுக்காகச் சலித்துப் போட்ட மண், கையை விட்டால் மணிக்கட்டு வரை போகும். லீக்ஸ் போட்டேன், உருளைக்கிழங்கு போட்டேன், போஞ்சிக் கொடி படரக் கம்பு நட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மணி அடித்து என்னை யாரும் எழுப்பவில்லை. ஆட்களை வேலைக்குக் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பு கீழே எங்கோ கேட்கும், அது என்னைக் கூப்பிடவில்லை என்ற நினைப்போடு திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் ஜூலைக் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. என்னிடம் இருந்தது பேட்டரி ரேடியோ ஒன்று. செத்தவர்கள் பெயரை அது சொல்லாது. பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் நாநா, அவரிடம்தான் டெலிபோன். கடையை அடைத்துவிட்டார். ஆனால் எனக்காகப் பின் கதவைத் திறந்தார். மகனிடம் இருந்து ஏதாவது செய்தி வந்ததா என்று கேட்க, மூன்று மைல் இறங்கி, மூன்று மைல் ஏறி, எட்டு நாள் போனேன். போகாதீங்க டீச்சர், ரோட்டில என்ன நடக்குமோ தெரியாது என்று லயத்தில் எல்லாரும் தடுத்தார்கள். ஒன்பதாம் நாள் அவனே வந்தான், ஒரு பையோடு, ஒரு கால் செருப்போடு. மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், என் வீட்டில் இருந்தான். யாருக்கும் தெரியாத வீடு, பாதை புல் மூடிய வீடு. இந்தத் தனி வீடுதான் அவனை வைத்துக் காப்பாற்றியது. தவறணைக் கிழங்கை அவனே தோண்டி அவித்துச் சாப்பிட்டான். இதை எழுதிவைக்க வேண்டும். ஏனென்றால் பின்னால் அவனுக்கு மறந்துபோனது.

அடுத்த வருஷம், மழை மாதம். காலையில் லீக்ஸ் பிடுங்கப் போனேன். நாலாம் பாத்திக் கல் அணை மழையில் உள்ளுக்குள் கரைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கால் வைத்தேன், கல்லும் நானும் இரண்டு பாத்தி கீழே போனோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது, காய்ந்த மிளாறுக் குச்சி ஒடிகிற மாதிரி.

கத்தினேன். மழைக்குள் கத்தி என்ன ஆகும். கை எட்டிய தூரத்தில் தகர வாளி கிடந்தது. கல்லை எடுத்து அதை அடிக்கத் தொடங்கினேன். எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியாது. மழை ஒரு தடவை விட்டு, மறுபடி பிடித்தது. கடைசியில் கீழே மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஏறி வந்தார். என்னிடம் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், இப்போது அவருக்கே பேரன் இருக்கிறான்.

"ஐயோ டீச்சர்! நீங்களா? டீச்சர் பன்னி வெரட்டுறாங்கன்னுல்ல நெனச்சோம்!"

"பன்னிய இவ்வளவு நேரமா வெரட்டுவாங்க?" என்றேன். அந்த வலியிலும் எனக்கு எரிச்சல்.

"நல்ல பெரிய பன்னின்னு நெனச்சோங்க."

அவர் மற்ற ஆட்களைக் கம்பளியும் கம்பும் கொண்டு வரச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்து தூக்குவதற்குள் மகனுக்குச் சொல்ல வேண்டும் என்று தானே பஜாருக்கு ஓடினார். நாநாவிடம் சொன்னார். நாநா கொழும்புக்கு டிரங்க் கோல் போட்டார். மகன் அந்த நேரம் மேசையில் இல்லை. பக்கத்து மேசைக்காரர் எடுத்தார். வடக்குப் பக்கத்து மனிதர். நாநா சொன்னதை ஒரு துண்டில் அப்படியே எழுதினார்:

"அம்மா தவறணையில் விழுந்து கிடக்கிறார். உடனே வரவும்."

ஒரு எழுத்துப் பிழை இல்லை. நாநாவும் சரியாகத்தான் சொன்னார், அவரும் சரியாகத்தான் எழுதினார்.

என்னைக் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கொழுந்து லொறியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலுக்கு மாவுக் கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலையில் நர்ஸ் வந்து கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டாள்: "புதா ஆவத, அம்மே?" மகன் வந்தாரா என்று. "வந்துகொண்டிருக்கிறான்" என்றேன். இரண்டாம் நாளும் கேட்டாள். ரயில் நின்றிருக்கும் என்றேன். மூன்றாம் நாளும் கேட்டாள். நாலாம் நாள் எனக்குப் பயம் பிடித்தது. கொழும்பில் மறுபடி ஏதாவது ஆகிவிட்டதோ. ரோட்டில் பிடித்து அடையாள அட்டை கேட்டுக் கொண்டுபோய்விட்டார்களோ. கால் வலி போய், ஜூலை மாதம் திரும்பி வந்தது. பேப்பர் விற்கிறவன் வார்டு வாசலுக்கு வந்தால் கையைக் காட்டிக் கூப்பிடுவேன். பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனுக்காக!

ஆறாம் நாளில் இருந்து நர்ஸ் கேட்பதை விட்டுவிட்டாள்.

எட்டாம் நாள் கவ்வாத்துக்காரரின் மனைவி என்னைப் பார்க்க வந்தபோது கடிதம் கொண்டுவந்தாள். எனக்கு வருகிற தபால் எல்லாம் நாநா கடைக்குத்தான் வரும். அவன் கையெழுத்தைக் கண்டதும், உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் பிரித்தேன்.

"அன்புள்ள அம்மாவுக்கு. உங்களைப் பற்றிய செய்தி கந்தோருக்கே வந்தது. எத்தனை பேர் முன்னிலையில் அந்தத் துண்டு எனக்கு தரப்பட்டது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். இங்கே என்னை ஓர் ஆசிரியையின் மகன் என்றே எல்லோரும் அறிவார்கள். தனிமை மனிதரை எந்தப் பழக்கத்துக்கும் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்களை, இந்த வயதில், அப்படி நான் எதிர்பார்க்கவில்லை. லீவு போட்டு வர இப்போது எனக்கு முகம் இல்லை. நீங்களே உங்களைத் திருத்திக்கொள்ளுங்கள்."

மூன்று தடவை படித்தேன். விளங்கவில்லை. "எனக்கு தரப்பட்டது" என்பதில் ஒற்று விட்டிருந்தான், அது மட்டும்தான் விளங்கியது. காலை உடைத்துக்கொள்வது ஒரு பழக்கமா? அதை எப்படித் திருத்திக்கொள்வது? சத்தமாக வாசித்துக் காட்டினேன். கவ்வாத்துக்காரர் மனைவிக்கும் விளங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டியம்மா, கொழும்பில் வீட்டு வேலைக்கு இருந்துவிட்டு வந்தவள், வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"டீச்சர், நாநா போன்ல என்னான்னு சொன்னாரு?"

"தவறணையில விழுந்து கெடக்காங்கன்னு."

"போச்சு! அங்கிட்டு தவறணைன்னா கள்ளுக்கடைங்க!"

வார்டே சிரித்தது. கால் தொங்கவிட்டிருந்தவர்களும் சிரித்தார்கள். மலையில் நாங்கள் சாராயக்கடை, கள்ளுக்கடை என்றுதான் சொல்லுவோம். வடக்கிலும் கொழும்பிலும்தான் அதற்குத் தவறணை என்று பெயர். அது எனக்குத் தெரியாததும் இல்லை, படித்தவள்தானே. தெரிந்தும் அந்த எட்டு நாளும் என் மண்டைக்கு வரவில்லை. சம்பள நாளில் சாராயக்கடை வாசலில் நின்று, பிள்ளைகளின் தகப்பன்மாரைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போனவள் நான். இந்த வாயில் திருவிருந்துத் திராட்சரசம் தவிர வேறு எதுவும் பட்டதில்லை. நான் கள்ளுக்கடையில் குடித்து விழுந்து கிடந்தேன் என்று கொழும்பில் ஒரு கந்தோர் முழுவதும் சிரித்திருக்கிறது.

அந்த மேசைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். தோட்டத்துப் பொம்பளைதானே, குடித்திருப்பாள் என்று அவருக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தி தவறணையில் விழுந்து கிடக்கிறாள் என்று செய்தி வந்திருந்தால், "சரியாத்தான் கேட்டனா?" என்று இன்னொரு தடவை கேட்டிருப்பார். ஆனால் அவர் யாரோ. அவருக்கு என்னைத் தெரியாது. என்னைத் தெரிந்தவன் ஒருவன் அங்கே இருந்தான்.

பன்னிரண்டாம் நாள் அவன் வந்தான். கடிதத்தில் இருந்தது என்ன என்று கவ்வாத்துக்காரர் மனைவி நாநாவிடம் சொல்லியிருக்கிறாள். நாநா தன் காசில் இன்னொரு கோல் போட்டு, இந்தத் தடவை அவனையே கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார். "ஒங்க உம்மா கால் ஒடஞ்சி டிக்கோயா ஆஸ்பத்திரியில ஈக்கிறாங்க. தவறணைண்டா தவறணைதான், நாத்துப் போடுற தவறணை. ஒனக்கு வெளங்கல்லியா? எவட வூட்டுப் புள்ள நீ?"

ஆப்பிள் பையோடும் ஹோர்லிக்ஸ் போத்தலோடும் கட்டில் காலடியில் வந்து நின்றான். மாவுக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா" என்றான்.

"ஒக்காரு. பேனா இருக்கா?"

"எதுக்கும்மா?"

"இருக்கான்னு கேட்டேன். அந்தத் துண்டும் இருக்கா?"

பர்சைத் திறந்தான். நாலாக மடித்து வைத்திருந்தான். அதை ஏன் வைத்திருந்தான் என்று நான் கேட்கவில்லை.

"பின்பக்கம் திருப்பு. சொல்வதெழுதல். தவறணை. எழுது."

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"கந்தோர்லயும் எல்லாரும் பாத்தாங்கல்ல? எழுது."

பக்கத்துக் கட்டில் பாட்டியம்மா சொன்னாள்: "எழுதிருங்க தம்பி. கால்தான் ஒடஞ்சிருக்கு, கை நல்லாத்தான் இருக்கு."

எழுதினான்.

"அர்த்தம்?"

"நாத்து மேடை."

"இன்னொன்னு?"

வாய்க்குள் சொன்னான். சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சொன்னான்.

"ரெண்டு அர்த்தமும் தெரியுது. போன வருஷம் அந்தத் தவறணையில கெழங்கு தோண்டித் தின்ன. மூணு கிழமை. அப்ப எப்பிடி ஒனக்கு அந்த அர்த்தம் வந்துச்சு?"

பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "நான் உள்ள வரும்போதே அவங்க எல்லாரும் சிரிச்சிக்கிட்டிருந்தாங்கம்மா. சிரிச்சிக்கிட்டே துண்டக் குடுத்தாங்க. அவங்க எப்பிடிப் படிச்சாங்களோ, அப்பிடியே நானும் படிச்சிட்டேன்."

பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அடுத்தது எழுது. உடனே. வரவும்."

எழுதினான்.

"அதுக்கு எத்தன அர்த்தம்?"

துண்டை மடிக்கப் போனான்.

"நான் கள்ளுக்கடையிலதான் விழுந்து கெடந்தேன்னு வையி. குடிச்சி, சீல அவுந்து, ஈ மொய்க்கக் கெடந்தேன்னு வையி. வந்து தூக்கணுமா, வேணாமா? நான் எத்தன பேரோட அப்பாவத் தூக்கிட்டு வந்திருக்கேன். ஒரு புள்ள அதுல முகம் இல்லன்னு சொன்னதில்ல. பத்து வயசுப் புள்ளைங்க, மூக்கு ஒழுகிக்கிட்டு எங்கூட வந்து ஆளுக்கொரு கையப் பிடிச்சிச்சிங்க."

அவன் குனிந்து தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தான். நல்ல பளபளப்பான சப்பாத்து.

அவன் வாயைத் திறந்தபோது, மன்னிப்புத்தான் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். "டாக்டர்ட்ட பேசிட்டேன்" என்றான். "கட்டு எடுத்ததும் கொழும்புக்குப் போறோம். நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க. ஒரு தடவ விழுந்தா வந்துருவேன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சரியாச் சொல்லு. அந்த ஏத்தத்துல நின்னு நீ சொன்னது என்னா? 'நீங்க விழுந்தா நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன்.' நான் சரின்னேன். நான் விழுந்தேன். நீ வரல. என்னயக் கூட்டிட்டு வந்தது நாலு கவ்வாத்துக்காரங்க. வாக்க ஒடச்சது யாரு? நான் எங்க இருக்கணும்னு இனி நீ பேசாத."

பாட்டியம்மாதான் பேசினாள்: "ஆப்பிளையாச்சும் வெட்டிக் குடுங்க தம்பி, எல்லாருக்கும்." வெட்டிக் கொடுத்தான். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு இரண்டு மாதம் கவ்வாத்துக்காரர் லயத்தில் இருந்தேன். பிறகு ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஏறி வந்தேன். அரை மணி ஏற்றம் இப்போது எனக்கு ஒன்றேகால் மணி. வாளியை ஒரு கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு. "பன்னின்னா மூணு அடி, விழுந்தா விடாம அடிங்க டீச்சர்" என்று ஏற்பாடு.

மகன் மாதம் ஒரு தடவை வருகிறான். முதல் தடவை வந்தபோது நேரே தவறணைக்குப் போய், சரிந்த அணையைக் கட்டினான். சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, கை கீறிக்கொண்டு, கல்லுக்கு மேல் கல்லாக மத்தியானம் வரைக்கும் கட்டினான். பெரிய கல்லை மேலேயும் சின்னக் கல்லைக் கீழேயும் வைத்து. அவன் போன பிறகு நான் உட்கார்ந்தபடியே அதைப் பிரித்து, மூன்று நாளாக மறுபடி அடுக்கினேன். அது அவனுக்குத் தெரியாது.

அவன் வருகிற சனிக்கிழமை பஸ் பிந்தினால் எனக்குக் கால் நிலத்தில் நிற்காது. எங்கே மறித்தார்களோ, என்ன கேட்டார்களோ என்று கம்பை ஊன்றிக்கொண்டு பாதை முனைவரை போய் நிற்பேன். கீழே அவன் தலை தெரிந்ததும் வீட்டுக்குள் போய், ஒன்றும் நடக்காதது போலக் கேத்தலை அடுப்பில் வைப்பேன். அவன் படி ஏறும்போது கோபமும் கூட வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போன மாதம் கேட்டான்: "அம்மா, அந்தக் கடிதத்தக் கிழிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"எங்க வச்சிருக்கீங்க? நானே கிழிச்சிர்றேன்."

"வீட்டுலதான் இருக்கு. தேடு."

வேதாகமத்தைப் புரட்டினான். பெட்டியைத் திறந்து பார்த்தான். தலையணைக்கு அடியில் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எப்போதும் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிவிடுவான். மாதா மாதம் வரத் தொடங்கியதில் இருந்து, இந்த வீட்டில் டின்னைத் தூக்கி விளக்கு ஏற்றுகிற நேரம் வரை அவன் இன்னும் ஒரு நாளும் இருந்ததில்லை.

"பிந்திருச்சிம்மா. அடுத்த தடவ தேடுறேன்" என்றான்.

"தேடு" என்றேன்.